சாவி கைக்கு வரும் வரை பணம் யார் கையில்?

சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால் போதும். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், கோவளம் வட்டாரத்தில் வீடு தேடும் படலம் தொடங்கிவிடுகிறது.

மாத வாடகைக்குத் தேடுகிறவர்கள் இல்லை இவர்கள். இரண்டு நாள், மூன்று நாள், மிஞ்சினால் ஒரு வாரம். அதற்கு ஒரு வீடு வேண்டும். சமையல்கட்டு இருக்க வேண்டும். பாட்டிக்குக் கீழ்த்தளம் வேண்டும். பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும். வாடகையும் கையைக் கடிக்கக் கூடாது!

தேடுகிறவர்கள் யார்? கடற்கரையில் கூத்தடிக்க வரும் பணக்கார வாலிபர்கள் மட்டும் என்று நினைத்தால் தப்பு. மதுரையில் இருந்து கல்யாணத்துக்கு வரும் பதினைந்து பேர். குரோம்பேட்டையில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று வரும் குடும்பம். சானடோரியத்தில் இருக்கும் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் வருகிறவர்கள். பரீட்சை எழுத வரும் பெண், துணைக்கு வரும் அம்மா. வண்டலூர் மிருகக்காட்சி சாலையும் மாமல்லபுரமும் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள். எல்லோருக்கும் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும்.

கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. தெற்கே இருந்து வரும் பஸ்கள் முன்பு கோயம்பேடு வரை போயின. இப்போது கிளாம்பாக்கத்திலேயே ஜனங்கள் இறங்குகிறார்கள். இறங்கியதும் முதல் கேள்வி: "எங்கே தங்குறது?"

எட்டுப் பேருக்கு லாட்ஜில் மூன்று ரூம் போட வேண்டும். வீடு என்றால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். ஆகவே செல்போனை எடுக்கிறார்கள். தெரிந்த பெயர் ஒன்றுதான்: ஏர்பிஎன்பி. உள்ளே போய் மொத்தத் தொகையைப் பார்த்தால் பகீர் என்கிறது!

"இதை விட்டா வேற சைட்டே இல்லையா?"

கேள்வியில் தப்பே இல்லை. நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பது நம் வழக்கம். ஆனால் இந்த நாலு கடைக்கு நடுவில் உள்ள சந்தில்தான் மோசடி ஆசாமி நிற்கிறான். அங்கேதான் பலர் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

ஏன் அந்த விலை?

இந்த வியாபாரம் தொடங்கிய கதை சுவையானது. 2007-ம் ஆண்டு அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இரண்டு வாலிபர்களுக்கு வீட்டு வாடகை கொடுக்கக் காசு இல்லை. ஊரில் ஒரு மாநாடு. ஓட்டல்கள் நிரம்பி வழிந்தன. தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். காசு வந்தது. மறு ஆண்டு இணையதளம் வந்தது. அதுதான் இன்றைய ஏர்பிஎன்பி.

கூடத்தில் மெத்தை போட்ட காலம் போச்சு. இன்று அது உலகம் சுற்றும் பெரிய தரகுக் கடை. தரகர் என்றால் தரகு உண்டு. இணையதளத்துக்குத் தளம் கணக்கு மாறும். சில இடங்களில் தங்குகிறவரிடம் சேவைக் கட்டணம். சில இடங்களில் வீட்டுக்காரரிடம் கமிஷன். 100 ரூபாய்க்கு 15 ரூபாய் கமிஷன் என்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அதற்கு மேலும் உண்டு. வீட்டுக்காரரிடம் பிடித்தாலும் கடைசியில் அது வாடகையில்தான் ஏறும்.

அதன்பின் வீடு கூட்டித் துடைக்கும் கட்டணம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட வாடகைக்கு 18 சதவீதம்.

முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் ஒரு விலை காட்டுவதும் உண்டு. "இன்னும் ஒரே ஒரு ரூம்தான் பாக்கி! பத்துப் பேர் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்!" என்று அவசரப்படுத்துவதும் உண்டு. இவை இரண்டும் வாடிக்கையாளரை ஏமாற்றும் தந்திரங்கள் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ம் ஆண்டு நவம்பரில் பட்டியல் போட்டுத் தடை விதித்தது. மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது என்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்?

பலகை பல, கல்லா ஒன்று!

வேறு தளம் வேண்டும் என்று தேடுகிறவர் என்ன செய்கிறார்? புக்கிங் டாட் காமில் பார்க்கிறார். பிறகு அகோடாவில் பார்க்கிறார். "ரெண்டு கடையில விசாரிச்சாச்சு" என்று நிம்மதி அடைகிறார்.

ஆனால் இரண்டுக்கும் முதலாளி ஒரே நிறுவனம்தான்! அதே போல வெர்போவும் ஓட்டல்ஸ் டாட் காமும் எக்ஸ்பீடியா குடும்பம். நம் ஊர் மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017-ல் ஒன்றாகிவிட்டன. பலகைகள் வெவ்வேறு. கல்லாப்பெட்டி ஒன்று. பாண்டி பஜாரில் எதிரும் புதிருமாக இரண்டு ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரே முதலாளியிடம் விலை கேட்ட மாதிரிதான் இது.

இதில் வேடிக்கை இன்னொன்று. 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தியப் போட்டி ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு ரூ.223.48 கோடி அபராதம். ஓயோவுக்கு ரூ.168.88 கோடி அபராதம். என்ன குற்றம்? "எங்கள் தளத்தில் போட்ட விலையை விடக் குறைவாக வேறு எந்தத் தளத்திலும் விற்கக் கூடாது" என்று ஓட்டல்காரர்களைக் கட்டிப் போட்டது ஒன்று. ஓயோவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு போட்டிக் கம்பெனிகளின் ஓட்டல்களைப் பட்டியலில் இருந்து தூக்கியது இன்னொன்று. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது ஒருபுறம் இருக்கட்டும். நாலு தளம் பார்த்தும் விலை ஒரே மாதிரி இருந்ததற்கு என்ன காரணம் என்பது அந்த உத்தரவால் ஊருக்குத் தெரிந்தது.

ஆகவே வேறு தளம் தேடினால் உண்மையிலேயே வேறு முதலாளியின் தளமாகப் பார்க்க வேண்டும். தெரிந்த பெயர்கள் நாலைந்துதான். இவற்றைத் தாண்டி "சூப்பர் சீப்" என்று புதுப் பெயரில் ஒரு தளம் வந்தால் அங்கேதான் கண்ணை அகலத் திறக்க வேண்டும்.

சந்தில் நிற்கும் ஆசாமி

அவன் வேலை செய்யும் விதம் இதுதான்.

கடற்கரைச் சாலையில் ஒரு நல்ல பங்களா. நீச்சல் குளம், ஊஞ்சல், தென்னந்தோப்பு. அதன் போட்டோக்கள் உண்மையான தளத்திலேயே இருக்கின்றன. அவற்றை இவன் சுட்டுக்கொள்கிறான். பேஸ்புக்கில், இன்ஸ்டாகிராமில், இல்லாவிட்டால் சொந்தமாக ஒரு இணையதளத்தில் போடுகிறான். வாடகையைப் பாதியாக்குகிறான். கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

கூப்பிட்டால் தேன் ஒழுகப் பேசுகிறான்.

"ஆப்புல போடாதீங்க சார், கமிஷன் தின்னுடுவான். நேரா போட்டா ரெண்டாயிரம் கம்மி. இப்பவே மூணு பேரு கேட்டுட்டு இருக்காங்க. பாதி அட்வான்ஸ் அனுப்பிட்டீங்கன்னா பிளாக் பண்ணிடுறேன்."

நம்பிக்கை வர ஆதார் அட்டைப் படம் ஒன்றையும் அனுப்புகிறான். அது எவருடைய ஆதாரோ! வாடிக்கையாளர் பணம் அனுப்புகிறார். "ரிசீவ் ஆகலை சார், இன்னொரு நம்பருக்குப் போடுங்க" என்கிறான். மறுபடியும் போடுகிறார். பிறகு போன் சுவிட்ச் ஆப்.

குடும்பம் மூட்டை முடிச்சுடன் பங்களா வாசலில் போய் நிற்கும். வாட்ச்மேன் சொல்வார்: "இங்க அப்படி யாரும் இல்லீங்களே." இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைகளுடன் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

இது கற்பனைப் பூச்சாண்டி என்று தள்ள முடியாது. மத்திய உள்துறையின் கீழ் உள்ள இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025-ம் ஆண்டு ஏப்ரலில் பகிரங்கமாகவே எச்சரிக்கை விட்டது. போலி இணையதளம், போலி வாட்ஸ்அப் கணக்கு, கூகுளில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் ஆகியவற்றின் மூலம் யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏமாற்றுகிறார்கள் என்று அந்த எச்சரிக்கை சொன்னது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் முதல் ஓட்டல் அறை வரை எல்லாவற்றிலும் போலி!

கோடைக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே கதைதான். ஐகோர்ட்டு உத்தரவுப்படி அங்கே போக 2024-ம் ஆண்டு மே 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை வந்தது. அரசு தரும் அந்த பாஸ் இலவசம். ரூம் போட்டுத் தருகிறேன், பாஸுக்குத் தனியாக 500 ரூபாய் அனுப்பு என்று ஒருவன் கேட்டால் அங்கேயே அவன் சாயம் வெளுத்துவிட்டது!

பெரிய தளத்தில் புக் செய்தவரும் அசந்துவிடக் கூடாது. ஓட்டல்காரரின் கணக்கைத் திருடி, அந்தத் தளத்தின் மெசேஜ் பெட்டி வழியாகவே "உங்கள் கார்டை மறுபடி சரிபாருங்கள்" என்று லிங்க் அனுப்பும் கில்லாடிகள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். ஒரு முறை பணம் கட்டிய பிறகு மறுபடியும் லிங்க் வந்தால் அதைத் தொடவே கூடாது.

ஒரே ஒரு கேள்வி

எந்தத் தளம் நல்ல தளம்? இதற்குப் பட்டியல் போட்டு மாளாது. இன்று நல்லதாக இருப்பது நாளை மாறும். ஆனால் எந்தத் தளத்துக்கும் பொருந்தும் கேள்வி ஒன்று இருக்கிறது. சாவி கைக்கு வரும் வரை பணம் யார் கையில் இருக்கும்?

ஏர்பிஎன்பியில் விலை கூட என்பது உண்மை. ஆனால் விருந்தாளி உள்ளே போக வேண்டிய நேரம் கடந்து சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்காரருக்குப் பணம் போகிறது. அதுவரை நடுவில் தரகர் வைத்திருக்கிறார். வீடே இல்லை, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லை என்றால் 72 மணி நேரத்துக்குள் புகார் செய்யலாம். அந்தத் தரகு இந்தப் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் பல இடங்களுக்கு முன்பணமே வேண்டாம். நேரில் போய், அறையைப் பார்த்து, பணம் கட்டலாம். குறிப்பிட்ட தேதி வரை ரத்து செய்தால் காசு பிடிக்காத அறைகளும் உண்டு. 200 ரூபாய் கூடப் போனாலும் கிழவர், குழந்தை, நோயாளி உள்ள குடும்பத்துக்கு இதுதான் லாபம்.

வாட்ஸ்அப் ஆசாமியிடம் பணம் யார் கையில்? அனுப்பிய நிமிஷமே அவன் கையில்! சாவி யார் கையில்? யாருக்கும் தெரியாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மேல் படிப்பு வேண்டியதில்லை.

நேரடியாக வீட்டுக்காரரிடம் பேசிக் குறைந்த வாடகைக்கு எடுப்பது தவறா? தவறில்லை. ஆனால் அதற்கு முன் சில காரியங்கள் செய்ய வேண்டும். தெரிந்தவர் ஒருவரை அனுப்பி வீட்டை நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் சித்தப்பா மகன் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? யாருமே இல்லை என்றால் வீடியோ காலில் வாசற்படியில் இருந்து தெருப் பெயர்ப்பலகை வரை காட்டச் சொல்லலாம். உண்மையான வீட்டுக்காரர் காட்டுவார். போலி ஆசாமி "நான் வெளியூர்ல இருக்கேன்" என்பான். முன்பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரும் அவர் சொன்ன பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பெரும் தொகையைச் சாவி வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

வேறு வழிகள் உண்டு

இணையத்தில் தேடுகிறவர்கள் தனியார் கடைகளையே சுற்றி வருகிறார்கள். அரசு கடைகளும் இருக்கின்றன என்பது பலருக்கு ஞாபகமே வருவதில்லை.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-ல் தொடங்கியது. மாமல்லபுரத்தில் கடலை ஒட்டியே அதன் விடுதி இருக்கிறது. கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே அறை போடலாம். சுவரில் பெயிண்ட் பளபளக்காமல் இருக்கலாம். ஆனால் பணம் அரசு கணக்குக்குப் போகிறது. கட்டடம் ஓடிப் போகாது!

ரெயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் ஓய்வறைகள் உண்டு. சென்ட்ரல், எழும்பூர் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் மூலம் முன்கூட்டியே போடலாம். டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும். ஒரு ராத்திரிக்கு மட்டும் இடம் வேண்டுகிறவர்களுக்கு இதுவே போதும்.

தனியாக வரும் பெண்களுக்கு அரசின் "தோழி" விடுதிகள் இருக்கின்றன. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உண்டு. வேலை பார்க்கும் பெண்களுக்காகக் கட்டப்பட்டவை என்றாலும், குறுகிய நாட்களுக்கும் இணையதளம் வழியே கேட்கலாம். பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் வரும் பெண் முகம் தெரியாத ஆசாமியின் வீட்டுக்குப் போவதை விட இது ஆயிரம் மடங்கு மேல்.

பெரிய கும்பலாக முழு பங்களா வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்டேவிஸ்டா, சாஃப்ரன்ஸ்டேஸ் போன்ற இந்தியக் கம்பெனிகள் இருக்கின்றன. வாடகை கொஞ்சம் கனம்தான். பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகலாம்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே பதிவுத் திட்டமும் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடும் வீடுகளுக்கு அது அங்கீகாரம் தருகிறது. வீட்டுக்காரர் குடும்பம் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோல்டு, சில்வர் என்று தரமும் உண்டு. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டுக்காரர் மட்டும் தப்பித்தாரா?

வாடகைக்கு விடுகிறவர் பாடும் திண்டாட்டம்தான். பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டில். மாடி வீடு சும்மா கிடக்கிறது. நாள் வாடகைக்கு விட்டால் மருந்துச் செலவுக்கு ஆகும் என்று விளம்பரம் போடுகிறார்.

போன் வருகிறது. "நான் மிலிட்டரியில இருக்கேன் சார். தாம்பரம் ஏர்போர்ஸுக்கு மாத்தல் ஆகியிருக்கு. பத்து நாள் பேமிலியோட தங்கணும். அட்வான்ஸ் இப்பவே அனுப்புறேன். ஒரு கியூஆர் வரும், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க."

ராணுவ உடை போட்ட போட்டோவும் வரும். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பது ஊருக்கே தெரியும். பெரியவர் நம்புகிறார். பின் நம்பரைப் போடுகிறார். கணக்கில் இருந்த பணம் காலி!

நாடு பூராவும் வாடகை விளம்பரம் கொடுப்பவர்களிடம் நடந்த பழைய தந்திரம் இது. பணம் வாங்குகிறவர் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒரு வரியை ஒவ்வொரு வீட்டுக்காரரும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். ஓட்டலுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கும் உண்டு. விருந்தாளி ஆதார் கொடுக்கும்போது முழு எண் தேவையில்லை. கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவருக்கும் பாதுகாப்பு.

அடுத்த வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார்?

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடுகள் ஏராளம். மூன்றாவது மாடியில் ஒரு வீடு நாள் வாடகைக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வேறு கூட்டம். லிப்டில் தினம் புது முகம். ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டு. எதிர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை.

யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் துபாயில். ஆப் கம்பெனியின் ஆபீஸ் எங்கே என்றே தெரியாது. வாட்ச்மேனுக்கு வந்திருப்பவர் பெயர் கூடத் தெரியாது.

ஏர்பிஎன்பி தன் வீடுகளில் பார்ட்டி நடத்த 2022-ல் நிரந்தரத் தடை போட்டது. வீட்டுக்குள் கேமரா வைக்க 2024 ஏப்ரல் 30-ந் தேதி முதல் தடை போட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் தளத்தை விட்டு வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வீட்டுக்கு அந்தத் தடைகள் எதுவும் பொருந்தாது. வாடிக்கையாளரும் அனாதை, பக்கத்து வீட்டுக்காரரும் அனாதை.

அந்தக் காலத்தில் சத்திரம் இருந்தது. சென்ட்ரல் எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் ரெயிலில் வந்த எத்தனையோ ஆயிரம் பேருக்கு நிழல் கொடுத்தது. இன்றும் மூன்றாந்தர லாட்ஜில் கூட ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பெயர் எழுது, ஊர் எழுது, கையெழுத்துப் போடு. பிறகுதான் சாவி. மூவாயிரம், நாலாயிரம் வாங்கும் நாள் வாடகை வீட்டுக்கு அந்த நோட்டு கூட இல்லை என்றால் இது என்ன நாகரிகம்?

கோவாவில் முடிகிறது, இங்கே?

"தனியார் வீட்டில் மாநகராட்சிக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது.

கோவாவில் 1982-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் விடுகிறவர் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பக்கத்துக் கேரளத்தில் ஹோம்ஸ்டேக்களுக்கு டைமண்ட், கோல்டு, சில்வர் என்று அரசே தரம் போடுகிறது. நியூயார்க் நகரில் 2023-ம் ஆண்டு செப்டம்பர் முதல் பதிவு எண் இல்லாத வீட்டுக்குப் புக்கிங் தளங்கள் பணமே வாங்கக் கூடாது. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா ஒரு படி மேலே போனது. அங்கே உள்ள 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் லைசென்சையும் 2028-ம் ஆண்டுக்குள் முடித்துவிடுவதாக 2024-ல் அறிவித்தது. உள்ளூர்க்காரர்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பது அந்த நகரத்தின் புகார்.

தாம்பரம் பார்சிலோனா ஆக வேண்டாம். பென்ஷன் பெரியவரின் வருமானத்தில் மண்ணைப் போட வேண்டாம். ஆனால் கோவா செய்ததைச் செய்யலாமே?

தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டே பதிவுத் திட்டம் இருக்கிறது. ஆனால் தாம்பரத்தில் நாள் வாடகைக்கு வீடு தேடும் சாதாரண மனிதர் அந்தப் பட்டியலைத் தேடிப் போவதில்லை. அது அவர் கண்ணில் படும் இடத்துக்கு வர வேண்டும்.

தாம்பரம் மாநகராட்சி 2021-ம் ஆண்டு நவம்பரில் பிறந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2022-ம் ஆண்டு ஜனவரியில் வந்தது. ஆள் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, இணையதளமும் இருக்கிறது. இவர்களும் சுற்றுலாத் துறையும் ஒன்றாக உட்கார்ந்தால் காரியம் பெரிதல்ல.

நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவு எண். அந்த எண் எந்தத் தளத்தில் விளம்பரம் போட்டாலும் கூடவே வர வேண்டும். மாநகராட்சியின் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் தெரு, வார்டு, பொறுப்பாளரின் போன் நம்பர் தெரிய வேண்டும். அவ்வளவுதான். எண் இருந்தால் வீடு இருக்கிறது என்று அர்த்தம். எண் இல்லையா? காசு அனுப்பாதே!

"இதிலும் லஞ்சம் புகுந்துவிடும்" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பயம் நியாயமானதே. அதற்குத்தான் ஒரே பக்க விண்ணப்பமாக, இணையத்திலேயே, சொற்பக் கட்டணத்தில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு அறை விடுகிறவருக்கு இலவசமாகவே கொடுத்தால் என்ன? பதிவு செய்தவருக்கு மாநகராட்சியின் பட்டியலே இலவச விளம்பரம் ஆகிவிடும். தரகுக் கமிஷன் குறையும். வாடகையும் இறங்கும். மக்கள் தேடுகிற "வேறு சைட்" அதுவாகவே இருக்கலாமே!

பணம் போனால்?

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்தால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காரக் கூடாது. பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சைபர் மோசடிக்கான தேசிய எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறுவதற்கு முன் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் போயே போச்சு!

உண்மையான தளத்தில் போட்டு, சொன்ன வீடு கிடைக்கவில்லை, பணம் திரும்பவில்லை என்றால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

ஆனால் சட்டம் எல்லாம் பணம் போன பிறகு. நடுராத்திரி ரோட்டில் நின்ற குழந்தைக்கு எந்த ஆணையம் தூக்கத்தைத் திருப்பித் தரும்?

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பஸ்சிலும் தங்க இடம் தேடும் குடும்பம் ஒன்று இறங்குகிறது. அடுத்த கோடை லீவுக்கு முன்பாவது அவர்கள் கையில் நம்பகமான ஒரு பட்டியல் இருக்க வேண்டும். மாநகராட்சி கமிஷனரும் சுற்றுலாத் துறை அதிகாரிகளும் ஒரு நாள் ஒரே மேஜையில் உட்காருவார்களா?